தண்ணீர் இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது. தாகம் எங்கே போனது?

சனிக்கிழமை காலை. பள்ளித் திடலில் ஓட்டப் பயிற்சி. ஐந்து சுற்று முடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. நாக்கு வறண்டு போகிறது. மரத்தடியில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து மடமடவென்று குடிக்கிறீர்கள். பாதிப் போத்தல் காலி. "அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு. தாகம் போய்விட்டது.

இதற்கு எவ்வளவு நேரம் ஆனது? ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் குடித்த தண்ணீர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வயிற்றில். அது சிறுகுடலுக்கு இறங்க வேண்டும். குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்க வேண்டும். இரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இரத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவே 10 நிமிடத்திற்கு மேல் ஆகலாம். குடித்தது முழுவதும் உடலில் சேர அரை மணி நேரத்திற்கும் மேல் பிடிக்கலாம்.

அப்படியானால், "அப்பாடா" என்று நீங்கள் சொன்ன அந்த நொடியில் உங்கள் உடலில் தண்ணீர்ப் பற்றாக்குறை அப்படியேதான் இருந்தது. பிறகு ஏன் குடிப்பதை நிறுத்தினீர்கள்? "போதும்" என்று சொன்னது யார்?

சொன்னது உங்கள் மூளை. தண்ணீர் வந்து சேரும்வரை அது காத்திருக்கவில்லை. "இவ்வளவு விழுங்கியாகிவிட்டது, இது போதுமானதாக இருக்கும்" என்று முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டுவிட்டது. அந்தக் கணக்கை மூளை எப்படிப் போடுகிறது, எப்போது அது தவறுகிறது என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

உடலின் உப்புக் கணக்கு

நம் உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு தண்ணீர். 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவரின் உடலில் சுமார் 30 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கிறது. எஞ்சியது உயிரணுக்களைச் சுற்றியும் இரத்தத்திலும் இருக்கிறது.

இது வெறும் தண்ணீர் அன்று. உப்பு கலந்த கரைசல். மருத்துவமனையில் நோயாளிகளின் கையில் ஊசி வழியாக ஏற்றப்படும் உப்புநீரைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது 0.9 விழுக்காடு, கலந்திருக்கும். உடல் திரவத்தின் செறிவோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே அந்த அளவு.

வெயிலில் ஓடும்போது வியர்வையில் உப்பும் போகிறது, தண்ணீரும் போகிறது. ஆனால், உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகமாகப் போகிறது. அதனால் எஞ்சியிருக்கும் இரத்தத்தின் உப்புச் செறிவு கூடுகிறது. அப்போது என்ன நடக்கும்? சவ்வூடு பரவலைப் பற்றி அறிவியல் பாடத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு கூடிய பக்கத்திற்குத் தண்ணீர் நகரும். எனவே உயிரணுக்களுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வரும். உயிரணுக்கள் சற்றே சுருங்கும்.

இந்தச் செறிவு 1 முதல் 2 விழுக்காடு உயர்ந்தாலே போதும், நமக்குத் தாகம் எடுத்துவிடும். அவ்வளவு நுட்பமான அளவீடு இது.

செறிவு கூடியதும் மூளை இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, வாசோபிரசின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. உயிரியல் பாடத்தில் ஏ.டி.எச். என்று நீங்கள் படிப்பது இதைத்தான். அது சிறுநீரகத்திற்குப் போய், "தண்ணீரை வீணாக்காதே" என்று சொல்கிறது. சிறுநீர் அளவில் குறைந்து, அடர்ந்த மஞ்சளாகிறது. ஆனால், சிறுநீரகத்தால் இருப்பதைச் சேமிக்கத்தான் முடியும். இழந்ததை ஈட்டித்தர முடியாது. அதற்கு நீங்கள் எழுந்து போய்க் குடித்தாக வேண்டும். உங்களை எழுப்பி அனுப்புவதுதான் மூளையின் இரண்டாவது வேலை. அந்த உந்துதலுக்குப் பெயர்தான் தாகம்.

வாய் உலர்வதுதான் தாகமா?

"தாகம் என்றால் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலோர் "வாயும் தொண்டையும் உலர்வது" என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடலியல் அறிஞர் வால்டர் கேனனும் அப்படித்தான் கருதினார். 1918ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில், உடலில் தண்ணீர் குறைந்தால் உமிழ்நீர் குறைகிறது, வாய் உலர்கிறது, அந்த உலர்வையே நாம் தாகமாக உணர்கிறோம் என்று விளக்கினார்.

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே பிரான்ஸ் நாட்டு அறிஞர் குளோட் பெர்னார் செய்த ஒரு சோதனை இதற்கு இடறலாக நின்றது. அவர் ஒரு குதிரையின் கழுத்தில், உணவுக்குழாயில் ஒரு திறப்பை ஏற்படுத்தினார். குதிரை குடித்த தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் அந்தத் திறப்பு வழியாக வெளியே கொட்டியது. குதிரையின் வாயும் தொண்டையும் நன்றாக நனைந்துதான் இருந்தன. ஆனாலும் அதன் தாகம் அடங்கவில்லை. களைத்துப்போகும்வரை குடித்தது, சற்று ஓய்ந்தது, மறுபடியும் குடித்தது.

வாய் உலர்வதுதான் தாகம் என்றால், வாய் நனைந்ததும் தாகம் தீர்ந்திருக்க வேண்டுமே?

(இன்று இப்படியொரு சோதனையை நினைத்த மாத்திரத்தில் செய்துவிட முடியாது. விலங்குகளுக்குத் தேவையற்ற வேதனை நேராமல் பார்த்துக்கொள்ளும் ஆய்வு நெறிக்குழுக்களின் ஒப்புதல் வேண்டும்.)

பிற்காலத்தில் நாய்களிடம் நடத்திய இத்தகைய சோதனைகளில் இன்னொரு விந்தையும் தெரிந்தது. விழுங்கிய தண்ணீர் வயிற்றுக்குப் போகாவிட்டாலும், ஓரளவு குடித்ததும் நாய்கள் தாமாகவே நிறுத்தின. ஆனால், சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் குடிக்க வந்தன. அதாவது, வாயும் தொண்டையும் தரும் ஏதோ ஒரு செய்தி தாகத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது. அந்தச் செய்தி பொய் என்று தெரிந்ததும் தாகம் திரும்பி வருகிறது. இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆட்டின் மூளையில் கிடைத்த விடை

வாய் இல்லையென்றால் வேறு எங்கே? 1950களில் சுவீடன் நாட்டு அறிஞர் பெங்ட் ஆண்டர்சன் இந்தக் கேள்வியை ஆடுகளிடம் கொண்டு போனார். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி உண்டு. பசி, உடல் வெப்பம், உறக்கம் போன்றவற்றைக் கவனித்துக்கொள்ளும் பகுதி அது. அங்கே மிகச் சிறிய அளவில் உப்புக் கரைசலைச் செலுத்தினார். வேண்டிய அளவு தண்ணீர் குடித்திருந்த ஆடுகள், சற்று நேரத்தில் மறுபடியும் குடிக்கத் தொடங்கின.

1955ஆம் ஆண்டு, அமெரிக்க ஆய்வாளர் சாமுவல் மெக்கேனுடன் சேர்ந்து அதே பகுதியில் மெல்லிய மின்தூண்டலைக் கொடுத்துப் பார்த்தார். மின்தூண்டல் தொடங்கிய சில விநாடிகளில் ஆடுகள் குடித்தன. நிறுத்தியதும் குடிப்பதையும் நிறுத்திக்கொண்டன. ஆட்டின் உடலில் தண்ணீர் குறையவில்லை. வாயும் உலரவில்லை. இருந்தும் அதற்குத் தாகம் எடுத்தது. தாகத்தின் இருப்பிடம் மூளைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

தடுப்புச் சுவரில் இரண்டு சன்னல்கள்

ஆனால், மூளைக்கு ஒரு சிக்கல் உண்டு. இரத்தத்தில் திரியும் நச்சுப் பொருள்களும் கிருமிகளும் எளிதில் உள்ளே வராதபடி, மூளையின் இரத்தக் குழாய்களில் ஒரு நெருக்கமான தடுப்பு அமைந்திருக்கிறது. இதை இரத்த மூளைத் தடுப்பு என்பார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால், கதவையும் சன்னலையும் இறுக மூடிக்கொண்டு உள்ளே இருப்பவருக்கு வெளியே மழையா வெயிலா என்று எப்படித் தெரியும்?

அதற்காகவே அந்தச் சுவரில் சில சன்னல்கள் உள்ளன. ஹைப்போதலாமஸுக்கு முன்புறம், மூளையின் நடுக்கோட்டில், லேமினா டெர்மினாலிஸ் என்னும் மெல்லிய தகடு போன்ற பகுதி இருக்கிறது. அதில் உள்ள இரண்டு சிறு உறுப்புகளுக்கு இந்தத் தடுப்பு கிடையாது. அவற்றில் ஒன்றின் பெயர் சப்ஃபோர்னிக்கல் உறுப்பு. மற்றொன்றைச் சுருக்கமாக ஓ.வி.எல்.டி. என்று அழைக்கிறார்கள். இவற்றில் உள்ள நரம்பணுக்கள் இரத்தத்தை நேரடியாகச் 'சுவைத்துப்' பார்க்கின்றன. இரத்தத்தின் செறிவு கூடினால் இவை பரபரப்பாக இயங்கத் தொடங்கும்.

செறிவு மாறாமலேயே தண்ணீரை இழக்கும் சூழலும் உண்டு. இரத்தப்போக்கிலும் கடும் வயிற்றுப்போக்கிலும் உப்பும் தண்ணீரும் சேர்ந்தே போகும். இரத்தத்தின் அளவு குறையும். அப்போது சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளை வெளிவிடுகிறது. அதன் விளைவாக இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோன் உருவாகிறது. அது சப்ஃபோர்னிக்கல் உறுப்பை எட்டியதும் தாகம் எடுக்கிறது. செறிவு, அளவு ஆகிய இரண்டு கணக்குகளும் இங்கே வந்து சேர்கின்றன.

இந்த நரம்பணுக்களின் ஆற்றலை 2015ஆம் ஆண்டு யுகி ஓகா, சார்ல்ஸ் சூக்கர் ஆகியோரின் குழு எலிகளிடம் காட்டியது. மரபணு நுட்பத்தின் மூலம், சப்ஃபோர்னிக்கல் உறுப்பில் உள்ள குறிப்பிட்ட நரம்பணுக்கள் மட்டும் ஒளிபட்டால் இயங்கும்படி செய்தார்கள். மெல்லிய கண்ணாடி இழை வழியாக ஒளியைப் பாய்ச்சியதும், சற்றும் தாகமில்லாத எலிகள் சில விநாடிகளில் தண்ணீரைத் தேடிப் போய்க் குடித்தன. ஒளியை நிறுத்தியதும் குடிப்பதும் நின்றது. அதே உறுப்பில் உள்ள வேறொரு வகை நரம்பணுக்களைத் தூண்டியபோது நேர்மாறாக நடந்தது. தாகத்தோடிருந்த எலிகள்கூடக் குடிப்பதை நிறுத்தின. விளக்கின் விசையைப் போல, தாகத்திற்கும் ஒரு விசை இருக்கிறது.

மூளை போடும் முன்கணக்கு

இனி, நம் முதல் கேள்விக்கு வருவோம். தண்ணீர் இரத்தத்தில் கலக்கும் முன்பே இந்த விசை எப்படி அணைகிறது?

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சாக்கரி நைட்டின் குழு, நரம்பணு இயங்கும்போது ஒளிரும் ஒரு புரதத்தைப் பயன்படுத்தி, எலியின் தாக நரம்பணுக்களை அது விழித்து நடமாடும்போதே கண்காணித்தது. 2016ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது இதுதான்: தாகத்தோடிருக்கும் எலி தண்ணீரை நக்கத் தொடங்கியதும் தாக நரம்பணுக்கள் அடங்கத் தொடங்குகின்றன. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பெருமளவு அமைதியாகிவிடுகின்றன. இரத்தத்தில் அப்போது எந்த மாற்றமும் இல்லை.

இதற்கு மூளை மூன்று இடங்களிலிருந்து செய்தி பெறுகிறது.

முதலாவது, வாயில் உணரும் குளிர்ச்சி. தண்ணீரே இல்லாத, குளிர்ந்த உலோகத்தை நக்கவிட்டபோதும் எலியின் தாக நரம்பணுக்கள் சிறிது நேரம் அடங்கின. வெயிலில் வந்தவருக்கு ஒரு பனிக்கட்டித் துண்டே இதமாக இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? அது கொடுத்த தண்ணீர் ஒரு வாய்தான். ஆனால், மூளைக்கு அது பெரிய நம்பிக்கையைக் கொடுத்துவிட்டது.

இரண்டாவது, மடக்கு மடக்காக விழுங்கும் செயல். ஓகாவின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, லேமினா டெர்மினாலிஸில் உள்ள ஒரு வகை நரம்பணுக்கள், எலி திரவத்தை வேகமாக விழுங்கும்போது இயங்கித் தாக நரம்பணுக்களை அடக்குகின்றன. தண்ணீரை அப்படியே கூழ் வடிவில் உண்ணக் கொடுத்தால் அவை இயங்குவதில்லை. அதாவது, விழுங்கும் வேகத்தை வைத்தே "இது குடித்தல், இது தின்னல்" என்று மூளை பிரித்தறிகிறது.

மூன்றாவது, வயிற்றிலும் குடலிலும் நடக்கும் சரிபார்ப்பு. எலிக்குத் தண்ணீருக்குப் பதிலாக அடர்ந்த உப்புநீரைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதலில் வாயும் தொண்டையும் ஏமாறுகின்றன. தாக நரம்பணுக்கள் வழக்கம்போல் அடங்குகின்றன. ஆனால், சிறிது நேரத்திலேயே மறுபடியும் விழித்துக்கொள்கின்றன. உள்ளே போனது நல்ல தண்ணீர் இல்லை என்று குடல் மூளைக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. நைட்டின் குழு இதை 2019இல் வெளியிட்டது.

இது கிட்டத்தட்ட ஒரு கடைக்காரர் நடந்துகொள்வதைப் போன்றது. தெரிந்தவர் நீட்டும் பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு சாமானைக் கொடுத்துவிடுகிறார். பிறகு சாவகாசமாக எண்ணிப் பார்க்கிறார். குறைந்தால் கூப்பிட்டுக் கேட்கிறார். வாய் சொல்வதை மூளை முதலில் நம்புகிறது. குடல் சொல்வதைக் கேட்டுச் சரிபார்க்கிறது. இறுதியில் இரத்தத்தைப் பார்த்துக் கணக்கை முடிக்கிறது. பெர்னாரின் குதிரையும், குடிப்பதை நிறுத்திவிட்டு மறுபடியும் வந்த நாய்களும் ஏன் அப்படி நடந்துகொண்டன என்பது இப்போது விளங்கியிருக்கும். அவற்றின் வாய் கொடுத்த வாக்குறுதியை வயிறு காப்பாற்றவில்லை.

மனிதரிடமும் இதன் சாயல் தெரிகிறது. ஆஸ்திரேலிய அறிஞர் டெரிக் டென்டனின் குழு, தாகத்தோடிருந்தவர்களின் மூளையைப் படம் பிடித்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டது. தாகத்தின்போது இயங்கிய மூளைப் பகுதிகள், அவர்கள் வேண்டிய அளவு குடித்த சில நிமிடங்களிலேயே அடங்கியிருந்தன. இரத்தத்தின் செறிவு அதற்குள் இறங்கியிருக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன், தூக்கத்திற்கு முன்

மூளை முன்கணக்குப் போடுவது குடிக்கும்போது மட்டும் அன்று.

உணவகத்தில் போய் உட்கார்ந்ததும் நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "தண்ணி என்ன வேணும்?" என்பதுதானே! அதில் ஓர் அறிவியலும் இருக்கிறது. உணவில் உப்பும் மற்றப் பொருள்களும் இருப்பதால், செரித்த பிறகு இரத்தத்தின் செறிவு கூடும். ஆனால், எலி உணவைத் தின்னத் தொடங்கியதுமே, இரத்தம் மாறுவதற்கு முன்பே, அதன் தாக நரம்பணுக்கள் சுறுசுறுப்படைந்தன. வரப்போகும் உப்புக்கு இப்போதே தண்ணீர் கேட்கிறது மூளை.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் பூர்க்கின் குழு 2016இல் இன்னொன்றைக் கண்டறிந்தது. எலிகள் உறங்கப் போகும் முன், உடலில் தண்ணீர் குறையாமல் இருந்தும், வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கின்றன. மூளையில் உள்ள உயிரியல் கடிகாரம், உறங்கும் நேரம் நெருங்குவதை அறிந்து, ஓ.வி.எல்.டி.யில் உள்ள தாக நரம்பணுக்களைத் தூண்டுகிறது. அந்த நேரத்தில் குடிக்கவிடாமல் தடுத்தால், உறங்கி எழும்போது எலிகளின் உடலில் தண்ணீர் குறைந்திருந்தது. நெடுந்தூரப் பயணத்திற்கு முன் காரில் பெட்ரோல் நிரப்பிக்கொள்வதைப் போன்ற முன்னேற்பாடு இது.

ஒட்டகமும் அணிலும்

ஒட்டகம் தன் உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அளவுக்குத் தண்ணீரை இழந்தும் உயிர் வாழும். பிறகு தண்ணீரைக் கண்டால் 10 நிமிடத்தில் சுமார் 100 லிட்டர்கூடக் குடித்துவிடும். அவ்வளவும் ஒரேயடியாக உள்ளே போனால் வேறு விலங்குகளின் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடலாம். ஒட்டகத்தின் முட்டை வடிவச் சிவப்பணுக்கள் நன்றாக ஊதினாலும் வெடிப்பதில்லை. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒட்டகம், கழுதை, நாய் போன்ற விலங்குகள் சில நிமிடங்களிலேயே தாம் இழந்த அளவுக்கு ஏறக்குறைய நெருக்கமாகக் குடித்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. இரத்தம் இன்னும் சரியாகாத நிலையிலும், எவ்வளவு போதும் என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

வட அமெரிக்காவில் பதின்மூன்று கோடுகள் கொண்ட ஒரு தரை அணில் வாழ்கிறது. அது குளிர்காலத்தில் ஆறு மாதத்திற்கும் மேலாக வளைக்குள் உறங்குகிறது. இடையிடையே விழிக்கும். ஆனாலும் வெளியே வந்து தண்ணீர் குடிப்பதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கான காரணத்தை 2024இல் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் அணிலின் மூளையில் உள்ள தாக நரம்பணுக்கள் அடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வெளியே போனால் குளிர், பசி, எதிரி விலங்கு என்று ஆபத்து. அதனால் தாகத்தின் குரலையே மூளை தணித்துவிடுகிறது. சிறுநீரகம் மட்டும் இருக்கும் தண்ணீரைக் காத்துக்கொள்கிறது.

கணக்குத் தவறும்போது

அணிலுக்குத் தாகம் எடுக்காமல் இருப்பது நன்மை. மனிதருக்கு அப்படி நேர்ந்தால்?

1984ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 67 முதல் 75 வயதுவரை உள்ள உடல்நலமிக்க ஆடவர் ஏழு பேரும், 20 முதல் 31 வயதுவரை உள்ள இளைஞர் ஏழு பேரும் 24 மணி நேரம் தண்ணீர் அருந்தாமல் இருந்தார்கள். முதியவர்களின் இரத்தம் நன்றாகவே செறிவடைந்திருந்தது. இருந்தும் அவர்கள் இளைஞர்களைவிடக் குறைவாகவே தாகத்தை உணர்ந்தார்கள். பிறகு தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள்.

இதை நம் வீட்டில் பொருத்திப் பாருங்கள். மதியம் மூன்று மணி. வெளியே 34 டிகிரி வெயில். மின்விசிறி சுழல்கிறது.

"பாட்டி, தண்ணி குடிச்சீங்களா?"

"தாகமா இல்லய்யா."

பாட்டி பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தாகம் தெரியவில்லை. ஆனால், தாகம் தெரியவில்லை என்பதும் தண்ணீர் தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. தலைசுற்றல், சோர்வு, குழப்பமான பேச்சு, அடர்ந்த நிறச் சிறுநீர் ஆகியவை உடலில் தண்ணீர் குறைந்திருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். எனவே முதியவர்களிடம் "தாகமா?" என்று கேட்டுக்கொண்டிருக்காமல், நேரம் பார்த்துக் கையில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுப்பதே நல்லது. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் ஓர் அளவு சொல்லியிருப்பார். அந்த அளவைப் பின்பற்ற வேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. "நிறைய குடித்தால் நல்லதுதானே" என்று தாகத்தை மீறிக் குடிப்பதும் ஆபத்தாகலாம். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 விழுக்காட்டினரின் இரத்தத்தில் சோடியம் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாக இருந்தது. ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தவர்களிடம், அதாவது இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களிடம், இது கூடுதலாகக் காணப்பட்டது. சோடியம் மிகவும் குறைந்தால் தண்ணீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவை ஊதிவிடும். மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளைக்கு ஊதுவதற்கு இடம் ஏது? வலிப்பும் உயிரிழப்பும்கூட நேரலாம்.

இதைத் தடுக்க உடல் ஒரு தடையும் வைத்திருக்கிறது. தாகம் தீர்ந்த பிறகும் தொடர்ந்து குடிக்கச் சொன்னபோது, விழுங்குவது ஏறக்குறைய மூன்று மடங்கு கடினமாக இருந்ததாக, ஆஸ்திரேலியாவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் சொன்னார்கள். தொண்டை "போதும்" என்று சொல்லும்போது அதைக் கேட்பது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

உடற்கல்விப் பாடம் முடிந்து தாகத்தோடு வரும்போது, உங்கள் தாகத்திற்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் கொடுங்கள். பிறகு ஒரு குவளைத் தண்ணீர் குடியுங்கள். குடித்து முடித்ததும் ஒரு மதிப்பெண், 5 நிமிடத்தில் ஒன்று, 15 நிமிடத்தில் ஒன்று என எழுதி வையுங்கள். இன்னொரு நாள் அதே அளவு குளிர்ந்த நீரில் செய்து பாருங்கள். எதில் மதிப்பெண் வேகமாக இறங்கியது? எதில் மறுபடியும் ஏறியது? நண்பர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு வரைபடம் வரைந்தால், அறிவியல் கழகத்தில் படைக்க ஒரு நல்ல தலைப்புக் கிடைத்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்தச் சோதனைக்காகத் தண்ணீர் குடிக்காமல் காத்திருக்கக் கூடாது. இயல்பாக எடுக்கும் தாகமே போதும்.

அடுத்த முறை திடலிலிருந்து வந்து போத்தலை வாயில் வைக்கும்போது நினைத்துப் பாருங்கள். நீங்கள் "அப்பாடா" என்பதற்குள் உங்கள் மூளை வாயைக் கேட்டு, தொண்டையை எண்ணி, குடலின் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. இளம் வயதில் பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகவே வரும். அதை நம்பலாம். வீட்டில் ஒருவருக்கு அந்தக் கணக்கு மெல்லத் தளர்ந்திருக்கலாம். அதனால் வீட்டுக்குப் போனதும், உங்கள் போத்தலை நிரப்பும்போதே பாட்டிக்கும் ஒரு குவளை ஊற்றிக் கொண்டு போய்க் கொடுங்கள்.